கருவாட்டுக்கு ஒரு கோர்ட் கேஸ்!

ஓசியில் கிடைக்கிற கோடுக்கும் ஓனர் உண்டு... வாய்தாவும் உண்டு!

ஸ்டாக்ஃபிஷ்... இந்தப் பேரை செஸ் ஆடுற பசங்ககிட்ட சொல்லிப் பாருங்க. ‘உலகத்துலயே கில்லியான செஸ் இன்ஜின் பாஸ்!’னு கண்ணு விரியும். அகராதியைப் புரட்டினா, உப்புப் போடாம குளிர்காத்துல காயவெச்ச மீன்னு போட்டிருக்கும். அதாவது நம்ம பாஷையில... கருவாடு!

பேர் வந்த கதை இதுதான். நார்வேக்காரர் டோர்ட் ரோம்ஸ்டாட், ‘கிளாருங்’னு ஒரு செஸ் புரோகிராம் எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு விட்டிருந்தார். இத்தாலிக்காரர் மார்கோ கோஸ்டால்பா 2008-ல் அதை எடுத்துத் தேய்ச்சு, மெருகேத்தி, புதுசா வெளியிட்டார். நார்வேயில் தயாராகி இத்தாலியில் சமைச்சதுங்கறதால அந்த மீன் பேர். அதுக்கப்புறம் உலகம் பூரா இருந்து ஏகப்பட்ட பேர் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்தாங்க. விலை ஒரு பைசா கிடையாது. யார் வேணும்னாலும் டவுன்லோடு பண்ணி ஆடலாம்.

இந்தக் கருவாட்டுக்காகத்தான் 2021-ல் ஜெர்மனியின் மியூனிக் கோர்ட்டில் ஒரு கேஸ் விழுந்தது.

எதிர்ப்பக்கம் நின்றது ஹாம்பர்க் நகரத்து செஸ்பேஸ் கம்பெனி. செஸ்ஸை சீரியஸா எடுத்துக்கிட்டவங்க யாரும் அந்தப் பேரைத் தாண்டிப் போக முடியாது. கிராண்ட்மாஸ்டர்களே அவங்க சாஃப்ட்வேரை வெச்சுத்தான் மேட்ச்சுக்குத் தயாராவாங்க. 2021 பிப்ரவரியில் அவங்க ‘ஃபேட் ஃபிரிட்ஸ் 2’னு ஒரு இன்ஜினைக் கடைக்குக் கொண்டுவந்தாங்க. விலை கிட்டத்தட்ட 100 யூரோ. அதைப் பிரிச்சுப் பார்த்த ஸ்டாக்ஃபிஷ் குழுவுக்கு மூக்குல வாசனை ஏறிடுச்சு. உள்ளே இருக்கறது நம்ம கருவாடேதான்! நியூரல் நெட்வொர்க்கை மாத்திட்டு, மத்த இடத்துல சின்னச் சின்னத் திருத்தம், அவ்வளவுதான்னு குற்றம் சாட்டினாங்க. செஸ்பேஸ் வித்த இன்னொரு இன்ஜினான ‘ஹூடினி 6’ மேலயும் இதே புகார்.

‘ஓசியில் வாங்கிக் காசுக்கு வித்துட்டான், அதான் தப்பு’ன்னு இப்போ உங்களுக்குத் தோணுதா? அதுதான் இல்லை! ஸ்டாக்ஃபிஷ் வெளிவருவது ஜி.பி.எல். என்ற லைசென்ஸின் 3-ம் பதிப்பில். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் எழுதிவைத்த லைசென்ஸின் வாரிசு. அதன்படி விற்கலாம், தாராளமாக விற்கலாம். 100 யூரோ என்ன, 1,000 யூரோவுக்கும் விற்கலாம். ஆனால், வாங்குகிறவன் கைக்கு சோர்ஸ் கோடு போய்ச் சேரணும். லைசென்ஸ் நகலும் போகணும். ‘நீயும் இதை மாத்தலாம், நீயும் நாலு பேருக்குக் கொடுக்கலாம்’ங்கற உரிமை தனக்கு இருப்பது அவனுக்குத் தெரியணும். செஸ்பேஸ் அதைத்தான் வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் விட்டது என்பது ஸ்டாக்ஃபிஷ் தரப்பின் வாதம். ‘உங்க லைசென்ஸ் ரத்து’ என்று அறிவித்துவிட்டு, ஜூலை மாதம் கோர்ட் படியேறினார்கள்.

கேஸ் நடந்துக்கிட்டிருந்தபோதுதான் நம்ம மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட். 2022 ஜூலை 28-ம் தேதி ஆரம்பம். வேட்டி கட்டின குதிரைத் ‘தம்பி’ ஊர் ஊரா நின்னார். சேலத்தில், நாமக்கல்லில்கூட ஸ்கூல் பசங்க வாயில் செஸ்ஸைத் தவிர வேற பேச்சில்லை. அந்த ஆரவாரத்தில் மியூனிக் கேஸ் யார் காதிலும் விழலை.

அந்த வருஷம் நவம்பரில் ரெண்டு தரப்பும் சமரசமாகிட்டாங்க. ஸ்டாக்ஃபிஷ் கலந்த சரக்கை ஒரு வருஷத்துக்கு செஸ்பேஸ் விற்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். இந்த லைசென்ஸ் சமாசாரங்களைக் கவனிக்கவே கம்பெனியில் தனியாக ஓர் ஆளைப் போடணும். சரி, நஷ்டஈடு? பூஜ்யம்! பணம் பற்றி ஒரு நிபந்தனைகூட அந்த ஒப்பந்தத்தில் இல்லை. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது அந்தப் பூஜ்யம்தான். காசு வேணும்னு அவங்க கோர்ட்டுக்குப் போகலை. ‘இது எங்க கோடுன்னு சொல்லு, கதவைத் திறந்தே வை’ன்னு கேட்கத்தான் போனாங்க.

கருப்பூருக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்குங்க, நிறையவே இருக்கு. சேலம் கருப்பூரில் ஆரம்பிச்சு சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல்னு எந்த ரோட்டுல போனாலும் காலேஜ் பஸ் எதிர்ல வருது. பொங்கல் லீவு முடிஞ்சா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீஸன். பஸ் ஸ்டாண்ட் சுவர் முழுக்க ‘ஐ-டிரிபிள்-இ ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ நோட்டீஸ். அந்த ‘செய்து தரப்படும்’ல பாதி எப்படிச் செய்யப்படுதுன்னு உங்களுக்கே தெரியும். கிட்ஹப்பில் இறக்கு, மேலே இருக்கிற நாலு வரி கமென்ட்டை அழி, டீம் மெம்பர்ஸ் பேரைப் போடு, பைண்டிங் பண்ணு! (ப்ராஜெக்ட் சென்டர் அண்ணன்கள் முறைக்கிறது தெரியுது. ஒழுங்கா சொல்லிக் கொடுக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க.)

அந்த நாலு வரி கமென்ட் சும்மா அலங்காரம் இல்லை. எழுதினவர் யார், எந்த வருஷம், எந்த லைசென்ஸ்னு சொல்ற பட்டா அது! அதை அழிச்ச இடத்திலேயே முதல் மீறல் ஆரம்பிக்குது. இருக்கறதிலேயே சாதுவான எம்.ஐ.டி. லைசென்ஸ்கூட ‘என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ, இந்த அறிவிப்பை மட்டும் எடுக்காதே’ன்னுதான் கேட்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. நாமக்கல் பையன் ஒருத்தன், ஒரு ஜி.பி.எல். புரோகிராமை எடுத்து லாரியை மேப்பில் காட்டுகிற ஆப் செய்கிறான். தன் லேப்டாப்பில் ஓட்டி வைவாவில் காட்டுகிறவரை ஜி.பி.எல். அவனிடம் சோர்ஸ் கோடு கேட்காது. தனக்காக வைத்துக்கொண்டால் பிரச்னையே இல்லை. (கட்-அண்ட்-பேஸ்ட்டுக்கு ஹெச்.ஓ.டி. என்ன கேட்பார் என்பது தனிக் கதை.) வைவாவுக்கு வந்த லாரி முதலாளி, ‘நல்லாருக்கே தம்பி, நம்ம ஆபீஸுக்கும் போட்டுக் கொடு’ என்கிறார். பையன் காசு வாங்கிக்கொண்டு ஆபீஸ் போன்களில் இன்ஸ்டால் பண்ணித் தருகிறான். இப்போ அது அடுத்தவர் கைக்குப் போயாச்சு. சோர்ஸ் கோடையும் லைசென்ஸையும் அவருக்குத் தந்தே ஆகணும். தரலைன்னா? பையன் லாரி முதலாளிக்குப் புரியிற பாஷையில் சொன்னா... பெர்மிட் இல்லாத வண்டி!

வாடகைத் தகராறா, பெர்மிட் கேஸா?

இந்த பெர்மிட் வித்தியாசத்துக்காகவே அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. அதுவும் பொம்மை ரயிலை வைத்து!

ராபர்ட் ஜேக்கப்சன், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். பொழுதுபோக்கு, மாடல் ரயில். அதை கம்ப்யூட்டரில் இயக்க, நண்பர்களோடு சேர்ந்து ஜே.எம்.ஆர்.ஐ. என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் எழுதினார். அதே தொழிலில் இருந்த மேத்யூ காட்ஸர் என்பவர், ‘என் பேடன்ட்டை மீறிட்டீங்க’ என்று 2 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு அவருக்குக் கடிதம் அனுப்பினார். மாசச் சம்பளக்கார வாத்தியார் ஆடிப்போயிருப்பார். 2006-ல் ஜேக்கப்சன் கோர்ட்டுக்குப் போனார். பார்த்தால், காட்ஸர் தரப்புதான் ஜே.எம்.ஆர்.ஐ. ஃபைல்களை எடுத்து, எழுதியவர்கள் பெயரையும் காப்பிரைட் வரியையும் நீக்கிவிட்டுத் தங்கள் சரக்கில் சேர்த்திருந்தது! (பஸ் ஸ்டாண்ட் நோட்டீஸ் ஞாபகம் வருதா?)

கீழ் கோர்ட் 2007-ல் ஜேக்கப்சனைக் கைவிட்டது. ‘லைசென்ஸை மீறியது வெறும் ஒப்பந்த மீறல், அதற்குத் தடை உத்தரவெல்லாம் தர முடியாது’ என்றது. நாமக்கல் கணக்கில் சொன்னால், லாரி வாடகைத் தகராறு மாதிரி. சொன்ன வாடகை தரலைன்னா எவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டு வாங்கிக்கலாம். ஆனா, இலவச சாஃப்ட்வேருக்கு என்ன வாடகை, என்ன நஷ்டம்? பூஜ்யம்தானே! அதோட கதை முடிஞ்சிருக்கணும்.

முடியலை. 2008 ஆகஸ்ட் 13-ம் தேதி மேல்முறையீட்டு கோர்ட் அதைத் திருப்பிப் போட்டது. லைசென்ஸில் இருப்பவை நிபந்தனைகள். நிபந்தனையை மீறினால் அனுமதியே இல்லை. அனுமதி இல்லாமல் காப்பி அடித்தால் அது காப்பிரைட் மீறல். அதாவது வாடகைத் தகராறு இல்லை, பெர்மிட் கேஸ்! வண்டியையே நிறுத்தலாம். காசு வாங்காமல் கொடுத்தவருக்கும் அந்த நிபந்தனைகளால் பலன் உண்டு, பெயர் கிடைப்பதும் சொத்துதான் என்று கோர்ட் ஏற்றது. கடைசியில் 2010-ல் 1 லட்சம் டாலர் தருவதாக எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. கடிதத்தில் கேட்டது எங்கே, கொடுத்தது எங்கே!

ஜெர்மனியில் இதற்கு நாலு வருஷம் முன்பே பாதை போட்டுவிட்டார் ஹரால்ட் வெல்டே. லினக்ஸ் ஃபயர்வாலை எழுதியவர்களில் ஒருவர். தன் கோடு இருக்கிற கருவிகளைக் கடையில் வாங்கி, திறந்து, சோதித்து, நோட்டீஸ் விடுவதையே வேலையாக வைத்திருந்தார். 2004-ல் சைட்காம் என்ற ரவுட்டர் கம்பெனிக்கு எதிராக மியூனிக் கோர்ட் அவருக்குத் தடை உத்தரவு தந்தது. ஜி.பி.எல். செல்லும் என்று ஒரு கோர்ட் சொன்ன ஆரம்பக் காலத் தீர்ப்புகளில் முக்கியமானது அது. 2006-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் டி-லிங்க்கையும் ஜெயித்தார்.

அமெரிக்காவில் 2010-ல் நடந்தது இன்னும் கூத்து. பிஸிபாக்ஸ் என்ற குட்டி ஜி.பி.எல். புரோகிராமைத் தன் டி.வி.யில் வைத்துக்கொண்டு சோர்ஸ் கோடு தராத வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் கம்பெனி, கேஸைப் பாதியிலேயே கைவிட்டது. கோர்ட், 90,000 டாலர் நஷ்டஈடு போட்டதோடு, கையிருப்பில் இருக்கிற அந்த டி.வி.களையும் ஒப்படைக்கச் சொல்லிவிட்டது!

இப்படிக் கேட்டு வாங்கினதால் என்ன லாபம்? 2003-ல் லிங்க்ஸிஸ் ரவுட்டரில் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடிச்சு ஆளாளுக்குக் குடைச்சல் கொடுக்க, கம்பெனி சோர்ஸ் கோடை வெளியிட்டது. அதைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த வருஷம் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. கம்பெனி கைவிட்ட பழைய ரவுட்டர்களையும் அதை ஏத்தி வருஷக்கணக்கா ஓட்டலாம்.

கோர்ட்டில் காசும் வரும். பிரான்ஸின் ஆரஞ்சு டெலிபோன் கம்பெனிமேல் ஆந்த்ருவேர் என்கிற சின்னக் கம்பெனி போட்ட கேஸ் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் கோர்ட், மொத்தம் 8 லட்சம் யூரோ தரச் சொன்னது. ஆனால், காசுக்காகவே கேஸ் போடுகிற ஆளும் உண்டு. லினக்ஸ் எழுதியவர்களில் ஒருவரான பேட்ரிக் மெக்ஹார்டி, ஜெர்மனியில் கம்பெனி கம்பெனியாக நோட்டீஸ் விட்டு வசூல் பண்ணுகிறார் என்று கூட்டாளிகளே கொதித்தார்கள். 2016-ல் அவரைத் தங்கள் குழுவில் இருந்து ஒதுக்கிவைத்தார்கள். லைசென்ஸ் வசூல் நோட்டீஸ் ஆகிவிட்டால், அடுத்த கம்பெனி ஓப்பன் சோர்ஸ் பக்கமே வராது என்ற அவர்கள் பயம் நியாயமானதுதான்.

ராசிபுரத்திலிருந்தே கேஸ் போடலாம்!

சரி, நம்ம சட்டம் என்ன சொல்லுது? 1957-ம் வருட காப்பிரைட் சட்டத்தில், 1984 திருத்தத்தில் இருந்து கம்ப்யூட்டர் புரோகிராம் ஓர் இலக்கியப் படைப்பு! ஆமாம் பாஸ், நாவலும் உங்க ‘சி’ புரோகிராமும் சட்டத்துக்கு ஒரே ஜாதி. எழுதின நிமிஷத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு பண்ணணும்னு கட்டாயமில்லை. பண்ணிவைத்தால் சாட்சிக்கு நல்லது, கட்டணம் 500 ரூபாய். உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பின் 60 வருஷம். மீறினால் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யலைன்னா கோர்ட் குறைக்கலாம்.

நம்ம ஊர்ப் பசங்களுக்கு வாகான பிரிவு 62. காப்பிரைட் கேஸை, எதிராளி எந்த ஊரில் இருந்தாலும், உரிமையாளர் தான் குடியிருக்கிற மாவட்டத்து கோர்ட்டிலேயே போடலாம். பெங்களூரு கம்பெனி ராசிபுரத்துப் பெண்ணோட கோடைச் சுட்டால், பஸ் ஏறி வரவேண்டியது கம்பெனிதான்!

இன்னொரு பிரிவு இருக்கு, அதில் கொஞ்சம் உஷார். 30-வது பிரிவு, லைசென்ஸ் எழுத்தில் இருக்கணும் என்கிறது. 2012 திருத்தம் ‘கையெழுத்து’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டதால் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸுக்கு ஒரு தலைவலி போச்சு. ஆனால், 30-ஏ வழியாக 19-வது பிரிவும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன்படி, எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்! எம்.ஐ.டி. லைசென்ஸில் காலமும் இல்லை, இடமும் இல்லை. ஒரு கில்லாடி வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு வாதாட இடமிருக்கிறது. அப்பாச்சி 2.0 லைசென்ஸ் ‘நிரந்தரமாக, உலகம் முழுக்க’ என்று ரெண்டையுமே எழுதிவைத்திருக்கிறது. ஜி.பி.எல். 3-ம் பதிப்பு, காப்பிரைட் உள்ள காலம் முழுக்க என்கிறது. லைசென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு வரியையும் பாருங்க.

உங்க கோடை யாரோ சுட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா, எடுத்தவுடனே வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். அவங்க சாஃப்ட்வேரின் நகலை, தேதியோட, முதல்ல பத்திரப்படுத்துங்க. கிட்ஹப்பில் உங்க கமிட் வரலாறு இருக்குமே, அது உங்க பக்கத்து சாட்சி. அப்புறம் மரியாதையா ஒரு மெயில். ஜி.பி.எல். 3-ம் பதிப்பே, முதல் தடவை தப்பு பண்ணினவர் நோட்டீஸ் கிடைச்ச 30 நாளுக்குள் சரிபண்ணிட்டா உரிமை திரும்பக் கிடைச்சிடும்னு சொல்லுது. பெரும்பாலும் தெரியாமச் செஞ்சிருப்பாங்க, திருத்திடுவாங்க. கேட்கலைன்னா, டெல்லியில் 2010-ல் ஆரம்பிச்ச எஸ்.எஃப்.எல்.சி. டாட் இன் அமைப்பில் இதைப் புரிஞ்ச வக்கீல்கள் இருக்காங்க.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு சின்ன வேலை. இன்னிக்கு ராத்திரி உங்க கிட்ஹப் பக்கத்தைத் திறந்து, ‘லைசென்ஸ்’னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, கோடு எல்லார் கண்ணுக்கும் தெரியும், படிக்கலாம். ஆனா சட்டப்படி அதை மாத்தவோ அடுத்தவருக்குக் கொடுக்கவோ யாருக்கும் அனுமதியில்லை. நீங்க ஓப்பன் சோர்ஸ்னு நினைச்சுக்கிட்டிருக்கறது, சட்டத்தோட கண்ணுக்கு ஜன்னல் திறந்த, கதவு பூட்டின வீடு!